கியாமத்து நாளும் கணனியின் இரண்டு இலக்கங்களும்

1999 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆம் திகதி வெள்ளிக்கிழமையாக வாய்த்தது; ஹிஜ்ரி 1420 ஆம் ஆண்டின் றமழான் மாதத்துக் கடைசிப் பத்தில் ஒரு நாளாகவும் வாய்த்தது. புத்தளம் களப்பை அண்டிய தில்லையடியில், ஒன்பது வருஷங்களுக்கு முன்னர் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள், கிடுகு வேய்ந்த கொட்டில்களிலும் அரைகுறையாய் எழும்பிய கல்வீடுகளிலும் அன்றைய நோன்பைத் திறக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில், பூமியின் கீழ்க்கோடியில் புத்தாண்டு பிறந்துவிட்டிருந்தது. அக்காலத்தில் இலங்கையின் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முந்தி ஓடியது. ஆகவே இங்கே மாலை ஐந்து மணி அடித்தபோது நியூசிலாந்தில் நள்ளிரவு கடந்தது. இங்கே நோன்பு திறந்து மஃரிப் தொழுகை முடிந்த பின், ஏழு மணிக்குச் சிட்னி நகரம் புதிய ஆண்டுக்குள் நுழைந்தது. பள்ளிவாசல்களில் தறாவீஹ் தொழுகைக்குரிய பொழுதில், ஒன்பது மணிக்கு ஜப்பான் அதைப் பின்தொடர்ந்தது. அந்நாடுகளில் எங்கும் விளக்குகள் அணையவில்லை.

விளக்குகள் அணையாதது அன்று ஒரு செய்தியாக இருந்தது என்பதை இப்போது வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நள்ளிரவில் உலகத்துக் கணனிகள் எல்லாம் ஒருங்கே நிலைகுலையும் என்றும், ஆகாயவிமானங்கள் விழும் என்றும், வங்கிகளில் சேமித்த பணம் கணக்கின்றி மறையும் என்றும், வல்லரசுகளின் ஏவுகணைகள் தாமாகவே புறப்படும் என்றும் பல மாதங்களாகப் பத்திரிகைகளும் வானொலிகளும் பேசிக்கொண்டிருந்தன. அதே காலத்தில், இரண்டாயிரமாவது ஆண்டோடு உலகம் முடிவடையும் என்ற ஆரூடமும் பல நாடுகளில் பல மதங்களின் பெயரால் உலவிற்று. பொறியியலாளரின் அறையில் பிறந்த பயம் ஒன்று, வேதப் பிரசங்கியின் மேடையில் பிறந்த பயம் ஒன்று; பிறப்பிடம் வேறான இவ்விரண்டும் ஒரே திகதியில் வந்து கூடியமையால், ஒன்றுக்கு மற்றது சாட்சி சொல்வதுபோல் ஜனங்களுக்குத் தோன்றியது. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டிய அவசியம் அந்த இரவோடு தீர்ந்துவிடவில்லை என்பதனாலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் கணனியின் விஷயத்தைப் பார்ப்போம். கணனிகள் புழக்கத்துக்கு வந்த ஆரம்ப காலத்தில், விவரங்கள் துளையிட்ட அட்டைகளிலே பதியப்பட்டன. ஓர் அட்டையில் 80 எழுத்துக்களுக்கே இடமிருந்தது. யந்திரத்தின் நினைவகமோ பொன்னிலும் விலையுயர்ந்தது. இந்நிலையில், 1965 என்று நான்கு இலக்கங்களை எழுதுவதற்குப் பதிலாக 65 என்று இரண்டை மட்டும் எழுதி, முன்னால் நிற்கும் 19 ஐ யாவரும் ஊகித்துக்கொள்வர் என்று விட்டுவிடுவது அக்காலத்து நிபுணர்களுக்குச் சிக்கனமாகவும் நியாயமாகவும் பட்டது. தாம் எழுதும் கட்டளைத் தொகுதிகள் முப்பது, நாற்பது வருஷங்கள் உயிரோடிருக்கும் என்று அவர்களில் பெரும்பாலோர் கருதவில்லை. ஆனால் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் அத்தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து, அடித்தளத்தை எவரும் தொடத் துணியாத கட்டடங்களாகிவிட்டன. 1965 இல் பிறந்தவரின் வயதை 1999 இல் கணக்கிடும் யந்திரம் 99 இலிருந்து 65 ஐக் கழித்து 34 என்று சரியாகச் சொல்லும். அடுத்த ஆண்டிலே 00 இலிருந்து 65 ஐக் கழிக்க முற்பட்டு, அவர் பிறப்பதற்கு இன்னும் 65 வருஷங்கள் இருப்பதாகக் கொண்டு, ஓய்வூதியத்தை நிறுத்தவோ வட்டியைத் தலைகீழாக்கவோ கூடும். நூற்றாண்டுகளின் தொடக்க வருஷங்கள் பொதுவாக லீப் வருஷங்கள் ஆகா. நானூற்றால் வகுபடும் வருஷம் மாத்திரம் அதற்கு விலக்கு. இந்த விலக்கை மறந்து எழுதப்பட்ட தொகுதிகளில் 2000 ஆம் ஆண்டுக்குப் பெப்ரவரி 29 ஆம் திகதியே இல்லாமற்போகும் சிக்கலும் கூடவே இருந்தது.

இந்தக் குறைபாட்டை எவரும் அறியாதிருக்கவில்லை. அமெரிக்கக் கணனி நிபுணரான பொப் பீமர் 1971 ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதி எச்சரித்தார், கேட்பாரில்லை. 1993 இல் பீட்டர் டி ஜாகர் என்பவர் ஒரு கணனிப் பத்திரிகையில், ஊழிநாள் என்ற பொருள்படும் தலைப்பிட்டு எழுதிய கட்டுரைக்குப் பின்னரே நிறுவனங்கள் மெல்ல மெல்ல விழித்தன. அதன்பின் நடந்தது மனித முயற்சியின் வரலாற்றில் மதிக்கத்தக்க ஓர் அத்தியாயம். கோடிக்கணக்கான வரிகளைக் கொண்ட பழைய கட்டளைத் தொகுதிகளை வரிவரியாக வாசித்து, எங்கெங்கே ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது என்று தேடித் திருத்தும் வேலையில் பல நாடுகளின் நிபுணர்கள் ஈடுபட்டனர். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த இளைஞர் பலர் அமெரிக்க வங்கிகளின் கணக்குகளை இரவு பகலாகத் திருத்தியதும் இக்காலத்திலேதான். பின்னாளில் இந்தியாவின் கணனித் தொழில் அடைந்த விருத்திக்கு அது ஒரு படியாயிற்று. உலகம் முழுவதிலும் இவ்வேலைக்கான செலவு 300 முதல் 600 பில்லியன் டொலர் வரையாகும் என்று கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. நாடுகள் தத்தம் ஆயத்தத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக 1999 இன் தொடக்கத்தில் வாஷிங்டனில் ஒரு சர்வதேச ஒத்துழைப்பு நிலையமும் நிறுவப்பட்டது. இலங்கையும் வாளாவிருக்கவில்லை, வங்கிகள், மின்சாரம், தொலைத்தொடர்பு ஆகிய துறைகளில் சோதனைகள் நடைபெற்றன.

இனி ஆரூடத்தின் விஷயம். அமெரிக்காவில் ஜெரி ஃபால்வெல் போன்ற பிரபல கிறிஸ்தவப் பிரசங்கிகள் இந்தக் கணனிக் குறைபாட்டைத் தெய்வ சித்தத்தின் ஒரு கருவியாக இருக்கலாமென்று எடுத்துரைத்தனர். அதைப் பற்றிய காணொளி நாடாவும் 1998 இல் விற்கப்பட்டது. உலர் உணவையும் தண்ணீரையும் பல மாதங்களுக்குச் சேமித்தவர்களும், நகரங்களை விட்டு மலைப்பிரதேசங்களுக்குப் பெயர்ந்தவர்களும் அந்நாட்டில் இருந்தனர். யோவானின் வெளிப்படுத்தல் நூலில் வரும் 666 என்ற இலக்கத்தைக் கணனியோடும், கடைகளில் பொருள்களின்மேல் ஒட்டப்படும் கோட்டுக் குறியோடும் பொருத்திக் காட்டும் பழக்கம் அதற்குச் சில தசாப்தங்கள் முன்னரே தோன்றியிருந்தது. தன் கண்ணுக்குத் தெரியாமல், தான் அறியாத மொழியில், தன் வாழ்வைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் ஒரு யந்திரத்தைக் கண்டு சாமானிய மனிதன் அஞ்சுவது இயற்கை. அந்த அச்சத்துக்கு ஒரு பெயரும் ஒரு திகதியும் கொடுப்பவன் பின்னால் கூட்டம் சேர்வதும் இயற்கையே.

புத்தளம் மாவட்டத்தில் உலக முடிவைப் பற்றி நான்கு மதங்களின் கதைகளும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் வழங்குகின்றன. தலவில் அன்னம்மாள் ஆலயத்துக்கு யாத்திரை வரும் கத்தோலிக்க மீனவர்கள் கர்த்தரின் இரண்டாம் வருகையை எதிர்பார்ப்பவர்கள். முன்னேஸ்வரத்திலும் உடப்பிலும் வழிபடும் சைவ மக்கள், கலியுகம் 4,32,000 வருஷங்களைக் கொண்டது, அதன் முடிவில் கல்கி தோன்றுவார் என்ற புராண மரபைக் கேட்டு வளர்ந்தவர்கள். அக்கணக்கின்படி இன்னும் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட வருஷங்கள் எஞ்சியிருக்கின்றன. சிங்கள பௌத்தர்களோ புத்த சாசனம் 5,000 வருஷங்கள் நிலைக்கும், அதன் பின்னர் ஒரு காலத்தில் மைத்திரேயர் அவதரிப்பார் என்று நம்புகிறார்கள். அதன் நடுப்பகுதியான 2,500 ஆவது ஆண்டு 1956 இல் புத்த ஜயந்தியாகக் கொண்டாடப்பட்டது. முஸ்லிம்களுக்குக் கியாமத்தில், அதாவது இறுதித் தீர்ப்பு நாளில், நம்பிக்கை வைப்பது ஈமானின் அங்கங்களுள் ஒன்று. தஜ்ஜாலின் தோற்றம், ஈஸா நபியின் இறக்கம், யஃஜூஜ் மஃஜூஜ் கூட்டத்தாரின் வெளிப்பாடு, சூரியன் மேற்கிலே உதித்தல், இஸ்ராஃபீல் சூர் ஊதுதல் என்று அதன் அடையாளங்கள் மத்ரஸாவில் ஓதும் சிறு பிள்ளைக்கும் பாடம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அடையாளங்களை இவ்வளவு விரிவாகச் சொல்லும் இஸ்லாமிய மரபு, திகதியை மாத்திரம் சொல்வதில்லை. சொல்லாததோடு, அது இறைவன் ஒருவனுக்கே உரிய அறிவு என்று குர்ஆன் பல இடங்களில் உறுதிப்படுத்துகிறது. வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து அந்த வேளை எப்போது என்று வினவியபோது, கேட்கப்பட்டவர் கேட்டவரைவிட அதிகம் அறிந்தவரல்லர் என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் விடையளித்ததாக ஹதீஸ் கூறுகிறது. இன்னொரு முறை ஒரு சாதாரண மனிதர் வந்து அதே கேள்வியைக் கேட்டபோது, நாயகம் திகதியைப் பற்றிப் பேசாமல், அதற்காக நீர் என்ன ஆயத்தம் செய்திருக்கிறீர் என்று திருப்பிக் கேட்டதாகவும் ஒரு பிரசித்தமான அறிவிப்பு உண்டு. கியாமத் வெள்ளிக்கிழமையில் வரும் என்ற அறிவிப்பைக் கொண்டு 1999 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமைதானே என்று எவரேனும் கலங்கியிருப்பின், அவர்களுக்கும் சமாதானம் மரபிலேயே இருந்தது. இஸ்லாமியக் கணக்கில் நாள் சூரியாஸ்தமனத்தோடு மாறுவது. மேற்கத்தியரின் நள்ளிரவு வருமுன்னரே அந்த வெள்ளிக்கிழமை கழிந்துவிட்டது. ஆண்டோ 1420, எந்தச் சுழியமும் புரளாத சாதாரண ஆண்டு. கிறிஸ்தவ வேதத்தில் மத்தேயு எழுதிய சுவிசேஷமும் அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்கிறது. வேதங்கள் மூடிவைத்த கதவைத் திறந்து காட்டுவதாகச் சொல்பவர்களே ஒவ்வொரு நூற்றாண்டிலும் திகதி குறித்தார்கள்.

முஸ்லிம் உலகிலும் அப்படிக் குறித்தவர்கள் உண்டு. 1979 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் திகதி, ஹிஜ்ரி 1400 ஆம் ஆண்டின் முதல் நாளாகிய முஹர்ரம் முதலாம் பிறையன்று, ஜுஹைமான் அல் உதைபி என்பவனும் அவனுடைய ஆயுதந்தாங்கிய சகாக்களும் மக்காவின் புனித ஹரம் பள்ளிவாசலைக் கைப்பற்றி, தம்முடன் இருந்த ஒருவரை, இறுதிக் காலத்தில் தோன்றுவார் என எதிர்பார்க்கப்படும் மஹ்தி என்று பிரகடனம் செய்தார்கள். புதிய நூற்றாண்டு பிறக்கிறது, ஆகவே இறுதிக் காலம் ஆரம்பமாகிறது என்பதே அவர்களின் தர்க்கம். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நீடித்த போரில் கஃபாவைச் சுற்றிய அந்தப் பரிசுத்த முற்றத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மஹ்தி என்று சொல்லப்பட்டவரும் அவர்களில் ஒருவர்.

அதே 1979 இல், ஜூலை 11 ஆம் திகதி, அமெரிக்காவின் ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையம் கட்டுப்பாடிழந்து பூமியில் விழுந்ததும், அது எங்கே விழுமோ என்று இந்தியக் கிராமங்களில் பரவிய பீதியும் மூத்தோருக்கு நினைவிருக்கும். சிதைவுகள் இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் விழுந்தன. 1962 பெப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடும் அஷ்டக்கிரக யோகத்தால் உலகம் அழியுமென்று பாரதமெங்கும் யாகங்கள் நடந்தன. 1910 மே மாதத்தில் ஹேலியின் வால்நட்சத்திரத்து வாலின் ஊடாகப் பூமி செல்கையில் விஷவாயு பரவுமென்ற அச்சத்தில் மேலைத் தேசங்களில் மருந்து வில்லைகள் விற்பனையாயின. இவற்றை விரித்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

தில்லையடி மக்களுக்கு 2000 ஆம் ஆண்டின் பயத்தைப் பற்றிப் பேசுவதற்கு மற்ற ஊரவர்களைவிட அதிக உரிமை உண்டு என்று கருதுகிறேன். உலகத்தின் முடிவு போன்றதொன்றை அவர்கள் ஏற்கெனவே கண்டவர்கள். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 ஆம் திகதி அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளிலே ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறக்கப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டையும் கடையையும் தோட்டத்தையும் பள்ளிவாசலையும் விட்டு வந்தார்கள். அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். உள்ளூர் மக்கள் தம் அடுப்பைப் பகிர்ந்து அவர்களை ஏற்றார்கள் என்பதும் இந்தக் கரையின் சரித்திரத்தில் பொறிக்கப்பட வேண்டியதே. அந்த வெளியேற்றத்தை எந்தச் சோதிடரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எந்த நூற்றாண்டும் அன்று திரும்பவில்லை. அது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

அவ்வாறு வந்தவர்களுக்குப் பதிவேடுகளின் அருமை தெரியும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பாடசாலைச் சான்று ஆகியவை கையில் இல்லாதபோது, தான் இன்னார் என்பதையும் தனக்கு ஓர் ஊர் இருந்தது என்பதையும் காரியாலயந்தோறும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு யந்திரம் தன் கணக்கேட்டில் மனிதர்களைத் தொலைத்துவிடக்கூடும் என்ற செய்தி, கணனியைக் கண்ணாற் காணாதவர்களாயினும், இத்தகையோர் மனத்தில் வேறு விதமாகவே ஒலித்திருக்கும். அதேபோல், கியாமத்து நாள் என்ற எண்ணமும் அவர்களிடத்தில் வெறும் பயமாக மட்டும் இருக்க முடியாது. இவ்வுலகத்தில் தம் வழக்கை எடுத்துக் கேட்க ஒரு நீதிமன்றம் கிடைக்காதவர்களுக்கு, ஒவ்வொருவருடைய ஏடும் விரிக்கப்பட்டு, அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் நிறுக்கப்படும் மஹ்ஷர் மைதானம் ஒரு பெரிய ஆறுதல். உயிரோடு புதைக்கப்பட்ட பெண்மகவின் வழக்கும் அங்கே விசாரிக்கப்படும் என்பது குர்ஆனின் போதனை. ஏழைகளின் இந்த எதிர்பார்ப்பை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் ஒதுக்கித்தள்ளும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீதியின் மேல் வைத்த நம்பிக்கை அது. அதற்குத் திகதி குறித்துத் தருகிறவனே அதை மாசுபடுத்துகிறான். ஏனெனில் குறித்த திகதி பொய்த்த மறுநாள், ஏழையின் நம்பிக்கை மாத்திரமன்றி அவனுடைய வாழ்வும் அதனோடு சேர்ந்து உடைந்துபோகிறது.

இது எவ்வளவு கொடிய உண்மை என்பதை உகண்டா நாட்டின் கனுங்கு கிராமம் காட்டியது. கடவுளின் பத்துக் கட்டளைகளை மீட்கும் இயக்கம் என்ற பெயரில் அங்கே இயங்கிய ஒரு கூட்டத்தின் தலைவர்கள், நூற்றாண்டு முடிவோடு உலகம் முடியும் என்று போதித்தார்கள். அதை நம்பிய எளிய குடியானவர்கள் தம் நிலபுலன்களையும் கால்நடைகளையும் விற்று அவர்களிடம் ஒப்படைத்தார்கள். புத்தாண்டு பிறந்தது, உலகம் முடியவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவர்கள் தோன்றினார்கள். 2000 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் திகதி, கதவுகளும் ஜன்னல்களும் அடைக்கப்பட்ட அவர்களுடைய ஆலயத்தில் தீ மூண்டு, உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோர் வெந்து மாண்டனர். பின்னர் அந்த இயக்கத்துக்குரிய பல வீடுகளின் அடியிலிருந்தும் பிரேதங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. இறந்தோர் தொகை 700 ஐக் கடந்தது. அவர்களிற் குழந்தைகள் பலர். கணனிகள் கொல்லும் என்று உலகம் அஞ்சிக்கொண்டிருந்த அந்தப் பருவத்தில், கூட்டமாகக் கொன்றது ஒரு பொய்த்த ஆரூடம்.

கணனிகளோ பெரும்பாலும் அமைதியாகவே புதிய ஆண்டைக் கடந்தன. ஜப்பானில் ஒனகாவா அணுமின் நிலையத்தில் நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர் ஓர் எச்சரிக்கை மணி ஒலித்தது; அபாயம் எதுவும் நேரவில்லை. அமெரிக்காவின் உளவுச் செய்மதிகளிலிருந்து வரும் தகவல்களைப் பிரிக்கும் தரை நிலையம் சில நாட்கள் தடுமாறிற்று. ஆயினும் ஒரு பிழை நெஞ்சை உறுத்துவது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஆஸ்பத்திரியொன்றில், கர்ப்பிணிகளின் இரத்தப் பரிசோதனையையும் வயதையும் கொண்டு, பிறக்கப்போகும் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் என்ற குறைபாடு இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் கணனி ஒன்று, ஆண்டு மாறியதிலிருந்து தாய்மாரின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. வயது கூடிய தாய்மாருக்கு அபாயம் குறைவு என்று அது சொல்லிற்று. அப்படித் தவறான முடிவு பெற்ற பெண்கள் 154 பேர். பிழை கண்டுபிடிக்கப்பட்டது மே மாதத்தில். புத்தாண்டு இரவில் விழித்திருந்து காவல் காத்த எவர் கண்ணிலும் அது படவில்லை. விமானம் விழவில்லை, நகரம் இருளவில்லை. ஒரு சிறிய கழித்தல் கணக்கின் பிழை, ஐந்து மாத காலம், தாய்மாரின் கையில் பொய்யான காகிதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கணனியின் குறைபாடு என்பது உண்மையில் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் இந்த 154 பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய விபத்து நேராமற்போனதால், அந்தப் பயமே ஒரு மோசடி, நிபுணர்கள் பணம் பறிக்கக் கட்டிய கதை என்று பலர் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். இது அநியாயம். சில நாடுகள் குறைவாகச் செலவிட்டும் பெருந்தீங்கின்றித் தப்பின என்பதும், செலவான பணம் முழுவதும் அவசியமாயிருந்ததா என்பதும் நிபுணர்கள் விவாதிப்பதற்குரியவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறைபாடு மெய்யானது. திருத்தப்படாமல் விடப்பட்ட இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஷெஃபீல்டு பிரமாணம். உடைப்பெடுக்கும் என்றஞ்சிக் குளக்கட்டை உயர்த்திய குடியானவனிடம், வெள்ளம்தான் வயலுக்கு வரவில்லையே, எதற்காக மண் சுமந்தாய் என்று கேட்பது தகுமா? நிறைவேறினால் மெய்ப்படுவது ஆரூடம். நிறைவேறாதபடி செய்வதற்கென்றே சொல்லப்படுவது எச்சரிக்கை. முன்னதைக் கேட்டவன் நிலத்தை விற்கிறான். பின்னதைக் கேட்டவன் வேலையைத் தொடங்குகிறான். ஆயத்தம் என்ன என்று நாயகம் திருப்பிக் கேட்ட கேள்வியோடு, மார்க்கம் அறியாத எத்தனையோ கணனி நிபுணர்கள் அந்த வருஷங்களில் இணங்கி நடந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன் பின்னர் காலம் மாறிவிட்டது. தில்லையடியில் கொட்டில்கள் இருந்த இடங்களில் கல்வீடுகள் எழுந்திருக்கின்றன; கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடு அரிது. களப்புக்கு அப்பால், கற்பிட்டிக் குடாநாட்டிலே, நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையம் 2011 முதல் இயங்குகிறது. 300 மெகாவாற் வீதம் மூன்று யந்திரத் தொகுதிகள் கொண்ட அது நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை வழங்குகிறது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து உண்டாக்கிய கோளாறினால் தீவு முழுவதும் மின்சாரம் இழந்தது. தேசிய மின்வலையின் சமநிலை குலைந்ததும் நுரைச்சோலையின் மூன்று தொகுதிகளும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிட்டன. அனல் யந்திரங்களை நினைத்தவுடன் மறுபடி ஓட்ட முடியாமையால், அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு அமுலாயிற்று. அதற்கு முந்திய வருஷம், 2024 ஜூலை 19 ஆம் திகதி, அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமொன்று அனுப்பிய பழுதான ஒரு திருத்தத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணனிகள் ஒரே நாளில் முடங்கி, விமான நிலையங்களும் ஆஸ்பத்திரிகளும் திணறின. 1999 இல் அஞ்சியவற்றுட் சில, திகதி குறிக்கப்படாத சாதாரண நாட்களில் இவ்வாறு நடந்தேறின.

அதற்கேற்ப ஆரூடங்களின் போக்கும் மாறியிருக்கிறது. முன்னர் பிரசங்கியின் ஒலிநாடா கைக்கைக்கு மாறிக் கிராமத்தை அடைய வாரங்கள் சென்றன. இப்போது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குரற்பதிவு ஸுபஹ் தொழுகைக்குமுன் ஊர் முழுவதையும் எட்டிவிடுகிறது. இந்த வேகம் வருமுன்னரே, 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளின் பின்னர், களுத்துறைக் கரையில் பின்வாங்கிய அலைகளின் செய்மதிப் படமொன்றில் அறபு எழுத்துக்களில் இறைவனின் திருநாமம் தெரிகிறதென்று அது நாடெங்கும் பரவியது. அந்தக் கோரத்தில் அர்த்தம் தேடிய மனத்தின் தவிப்பு அதிலே தெரிகிறது. அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காலையில் இந்து சமுத்திரத்தில் ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இருந்திருந்தால், சுமாத்திராவில் பூமி அதிர்ந்து இலங்கைக் கரையை அலை எட்டிய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எத்தனை ஆயிரம் உயிர்களைக் கரையிலிருந்து அகற்றியிருக்கலாம் என்பதையும் அதே மனம் கேட்டாக வேண்டும்.

இப்போது இன்னொரு திகதி நம் முன்னே இருக்கிறது. ஆரூடக்காரர் எவரும் குறிக்காத, கணிதம் குறித்த திகதி. யுனிக்ஸ் என்னும் ஒழுங்கைப் பின்பற்றும் கணனிகள், 1970 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கழிந்த விநாடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. பழைய தொகுதிகளில் அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 இருமக் கூறுகள் மாத்திரம். அதில் கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. அந்த விநாடி 2038 ஆம் ஆண்டு ஜனவரி 19 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, இப்போதைய இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு வரும். அடுத்த விநாடியில், திருத்தப்படாத யந்திரம் தன் கணக்கு நிரம்பி எதிர்மறையாகி, அன்றைய திகதியை 1901 டிசம்பர் என்று எண்ணத் தொடங்கும். புதிய கணனிகளிலும் தொலைபேசிகளிலும் 64 கூறுகள் கொண்ட எண்ணிக்கை வந்துவிட்டது. அவற்றைப் பற்றிக் கவலை குறைவு. கவலையெல்லாம், ஒருமுறை பொருத்தினால் இருபது முப்பது வருஷங்கள் எவரும் திறந்து பாராத கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றியதே: மின்நிலையங்கள், நீர்வழங்கல் நிலையங்கள், ஆஸ்பத்திரி உபகரணங்கள், மீன்பிடிப் படகுகளின் திசைகாட்டும் கருவிகள் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் சிறு கணனிகள். இன்று வாங்கப்படும் கருவிகள் பல 2038 இலும் வேலை செய்துகொண்டிருக்கும். கொள்வனவு செய்யும் அரசாங்கத் திணைக்களங்களும் மின்சாரத் துறையினரும் ஒவ்வொரு கருவிக்கும் விற்பனையாளரிடம் இந்தத் திகதியைக் கடந்து இயங்குமா என்று எழுத்தில் கேட்டு உறுதி பெறலாம். பழையவற்றுக்கு இப்போதே ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கலாம். தில்லையடியிலும் புத்தளத்திலும் இவ்வருஷம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அன்றைக்கு வேலைசெய்யும் வயதினராயிருப்பார்கள். கணனி கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த ஒரு கணக்கை அவர்களுக்கு வகுப்பிலே செய்து காட்டலாம், அதற்கு ஒரு பாடவேளை போதும்.